தொண்டை அடைப்பான் விஷமும் இரத்தப் புற்றுநோயும்



உங்களில் மூத்தவர்களுக்குத் தொண்டை அடைப்பான் வியாதி நினைவிருக்கும். பிள்ளையின் தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைத்துவிடும். டிப்தீரியா என்பது அதுதான். கிருமி பெரும்பாலும் தொண்டையிலேயே தங்கிவிடும். அது உமிழும் விஷமே இரத்தத்தில் கலந்து இருதயத்தைத் தாக்கும். அந்த விஷத்தைக் கொண்டே இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து செய்திருக்கிறார்கள். இன்று அதைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறோம்.

நம் உடலின் செல்கள் ஓயாமல் புரதம் தயாரித்துக்கொண்டிருக்கின்றன. அந்த வேலைக்கு இன்றியமையாத ஒரு பொருளை இந்த விஷம் முடக்குகிறது. புரதம் நின்றால் செல் மடியும். விஷத்தின் ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனாலும் போதும் என்று ஜப்பானிய விஞ்ஞானிகள் 1978-இல் காட்டினார்கள். தீக்காயப் புண்ணில் குடியேறிக் கட்டுத்துணியைப் பச்சையாக்கும் சூடோமோனாஸ் கிருமியை எங்கள் செவிலியர் நன்றாக அறிவார்கள். (அதன் வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார்.) அதன் விஷமும் இதே வழியில்தான் கொல்லுகிறது.

விஷத்தின் ஒரு பாகம் செல்லைப் பற்றிக்கொள்கிறது. இன்னொரு பாகம் உள்ளே போய்க் கொல்லுகிறது. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் டாக்டர் ஐரா பாஸ்டனும் அவருடைய குழுவினரும் சூடோமோனாஸ் விஷத்தின் பற்றும் பாகத்தை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓர் எதிர்ப்பொருளின் துண்டை இணைத்தார்கள். அது சி.டி.22 என்ற அடையாளம் உள்ள செல்லைத் தேடிப் பிடிக்கும். கடிதம் அதேதான், உறையின்மேல் விலாசம் மட்டும் மாறிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சி.டி.22 'பி' வகை வெள்ளை அணுக்களிலும் அவற்றிலிருந்து தோன்றும் புற்றிலும் உண்டு. எலும்பு மஜ்ஜையின் தாய்ச் செல்களில் இல்லை. ஆகையால் நல்ல அணுக்கள் சில அழிந்தாலும் மறுபடியும் உண்டாகும்.

இந்த மருந்து மிக நன்றாகக் கேட்டது ஹேரி செல் லுக்கேமியா என்ற அரிய வியாதிக்கு. மைக்ரோஸ்கோப்பில் அந்தச் செல்களைச் சுற்றி மயிர் போன்ற நீட்சிகள் தெரிவதால் அந்தப் பெயர். மண்ணீரல் வீங்கும், இரத்த அணுக்கள் குறையும். பெரும்பாலோருக்குக் கிளாட்ரிபின் கேட்கும். அதற்கும் அடங்காத 16 பேருக்கு விஷ மருந்தின் முந்தைய வடிவத்தைக் கொடுத்தபோது, 11 பேரிடம் வியாதி முழுவதும் அடங்கியது என்று 2001-இல் அறிவித்தார்கள். வேறு வழி அற்றுப்போனவர்கள் அவர்கள் என்பதை மறக்க வேண்டாம். மேம்படுத்திய வடிவமான மொக்செடுமோமாப் பசுடோடாக்ஸுக்கு 2018 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

டிப்தீரியா விஷமும் பின்தங்கவில்லை. பி.பி.டி.சி.என். என்று சுருக்கமாக வழங்கும், பெரும்பாலும் தோலில் தழும்பாய்த் தலைகாட்டும் கொடிய இரத்தப் புற்றுநோய் ஒன்று உண்டு. அதற்கென அனுமதி பெற்ற முதல் மருந்து, 2018 டிசம்பரில் வந்த டாக்ராக்சோஃபஸ்ப். முன்பு சிகிச்சை பெறாத 29 பேரில் 21 பேருக்கு வியாதி மறைந்தது. 13 பேர் தாய்ச்செல் மாற்று சிகிச்சைவரை போக முடிந்தது.

இவற்றால் வரும் துன்பத்தையும் மறைக்கமாட்டோம். நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடல் வீங்கும், இரத்த அழுத்தம் விழும்; இதனால் இறந்தவர்களும் உண்டு. மொக்செடுமோமாப் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். ஆகையால் ஒவ்வொரு சுற்றிலும் முதல் எட்டு நாட்கள் தினமும் மூன்று லிட்டர் வரை நீர் குடிக்கச் சொன்னார்கள். வேறொரு சிக்கலும் உண்டு. பிள்ளைகளுக்கு நாங்கள் போடும் முத்தடுப்பு ஊசி டிப்தீரியா விஷத்தை எதிர்க்க உடலைப் பழக்குகிறது. அந்த விஷமே மருந்தாக வரும்போதும் உடல் விட்டுவைப்பதில்லை. மருந்தின் ஒரு பகுதியை அது கட்டிப்போட்டுவிடுகிறது. அதற்காக ஊசியை யாரும் தவிர்க்க வேண்டாம்!

எங்கள் மனதை அதிகம் உறுத்துவது வேறொன்று. மொக்செடுமோமாப் 2023-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. பயனில்லை என்பதாலோ புதிய ஆபத்து கண்டதாலோ அல்ல. அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேருக்கே இந்த வியாதி வருகிறது. அவர்களிலும் பழைய மருந்துகள் கைவிட்டவர்களுக்கே இது தேவை. வாங்குவோர் மிகக் குறைவு, கொடுப்பதும் கண்காணிப்பதும் கடினம். 80 பேரில் நால்வருக்கு மூவர் வீதம் பலன் கண்ட மருந்து ஐந்தே ஆண்டுகளில் மறைந்துபோனது.

தோலைத் தாக்கும் ஒருவகை லிம்போமாவுக்கு 1999-இல் அனுமதி பெற்ற டிப்தீரியா விஷ மருந்து ஒன்றும், தயாரிப்புச் சிக்கலால் 2014-இல் நின்றது. அது சுத்திகரித்த புதிய வடிவில் 2024 ஆகஸ்டில் திரும்பி வந்தது. இடையிலான பத்து ஆண்டுகள் வியாதியஸ்தர்களுக்கு நீண்ட காலம்.

ஹேரி செல் வியாதி திரும்பியவர்களுக்கு இன்று ரிட்டுக்சிமாப் உண்டு, வெமுராஃபெனிப் என்ற மாத்திரையும் உண்டு. அந்த மாத்திரை 2011-இல் கண்டறிந்த ஒரு மரபணுக் கோளாறைக் குறிவைக்கிறது. கோளாறு அந்த நோயாளிகளில் பெரும்பாலோரிடம் இருக்கிறது. அது இல்லாதவர்களுக்கு மாத்திரை கேட்பதில்லை. அவர்களுக்கும், எல்லா மருந்தும் தீர்ந்தவர்களுக்கும், முன்பு கையிலிருந்த ஒரு வழி இப்போது இல்லை.