தாழ்ப்பாள் உள்ள கதவு

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



குற்றாலத்தில் அருவி கொட்டினால் நமக்குக் கொண்டாட்டம். அதே தண்ணீர்தான் சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, ஸ்ரீவைகுண்டத்துக்குப் போகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் தென்மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டனர். அவர்களில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை விமானப்படை ஹெலிகாப்டர் மீட்டது. அவரைப் பற்றிச் செய்தி வந்தது, நல்லது. பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் ஒண்டியிருந்த மற்றப் பெண்களின் பாடு செய்தியில் வரவில்லை.

மாற்கு நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணை நாம் சந்திக்கிறோம். அவர் வாய்திறந்து கேட்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் வந்து இயேசுவின் ஆடையைத் தொடுகிறார். தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர் எப்படிக் கேட்பார்? இயேசுவோ, யாயிரின் மகள் சாகக்கிடக்கும் அவசரத்திலும் நின்றார். 'மகளே' என்று அழைத்தார்.

முகாமிலும் பெண்கள் கேட்கமாட்டார்கள். பொருள் கொடுக்கும் இளைஞனிடம் போய், மாதவிலக்குக்குத் துணி இல்லை என்று எந்தப் பெண் சொல்லுவாள்? அரிசி, பருப்பு, போர்வை என்று தொடங்கும் பட்டியலின் கடைசியில்கூட நாப்கினும் உள்ளாடையும் இருப்பது அபூர்வம். கழிப்பறை இருட்டாக இருந்தால், தாழ்ப்பாள் இல்லாவிட்டால், ராத்திரி போகவேண்டி வருமே என்று பயந்து பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வரும். கர்ப்பிணிக்கு அது குறைப்பிரசவத்தில்கூடக் கொண்டுபோய் விடலாம். நிவாரணப் பணிக்கென உலகெங்கும் பயன்படும் 'ஸ்பியர்' கையேடு, ஆண்களுக்கு ஒரு கழிப்பறை என்றால் பெண்களுக்கு மூன்று வேண்டும் என்கிறது. நம் மண்டபங்களில் கணக்கு எப்படி என்று நமக்கே தெரியும்.

ஆலய மண்டபத்தை முகாமாகத் திறக்கும்போது, பொருள் வழங்குமிடத்தில் மாதர் சங்கத்தார் இருவர் நிற்கட்டும். நாப்கினைக் கேட்காமலே கொடுக்கட்டும். கறுப்புக் கவரில் ஒளித்துக் கொடுக்க அது கள்ளச்சரக்கு அல்ல. நிறைமாதக் கர்ப்பிணிகள் யார் யார் என்று ஒவ்வொரு அன்பியத்திலும் எழுதி வைத்து, மழை எச்சரிக்கை வந்ததுமே அவர்களைத் தென்காசி அரசு மருத்துவமனைக்கு அருகில் கொண்டுபோய்த் தங்கவைப்போம். ரோடு அறுந்த பிறகு 108-ஐ அழைத்தால் வண்டி எந்த வழியில் வரும்?

இன்னொன்று. குடித்துவிட்டு வருகிறவனை 'நம்ம ஆளுதான்' என்று பெண்கள் படுத்திருக்கும் பக்கம் விடக்கூடாது. தொந்தரவு என்று ஒரு பெண் சொன்னால், 'இந்த நேரத்துல இதுவா' என்று அவர் வாயை அடைக்கவும் கூடாது. 181 என்ற எண்ணை மண்டபச் சுவரில் பெரிதாக எழுதிவைப்போம்.

வடகிழக்குப் பருவமழைக்குச் சில வாரங்களே உள்ளன. இந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் மண்டபத்துக் கழிப்பறைகளைப் போய்ப் பார்ப்போம், தாழ்ப்பாள் விழுகிறதா, பல்பு எரிகிறதா என்று. பார்க்க ஆண்கள் மட்டும் போகவேண்டாம்.