லேசரும் வெள்ளெழுத்தும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கண்ணுக்கு லேசர் செய்துகொண்டவள் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் மருத்துவர் அல்ல; மேசையில் படுத்து எழுந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் பரிசோதனை. காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அதைச் சில நாள்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கருவிழியின் தடிமனையும் வளைவையும் அளக்கிறார்கள். லேசர் அதைச் செதுக்கித்தான் பவரைக் குறைக்கிறது. அதனால் கருவிழி மெலிந்தோ கூம்பாகப் புடைத்தோ இருந்தால் வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்கள். என்னோடு வந்த தோழிக்கு அப்படித்தான் ஆயிற்று, பாவம், அழுதுவிட்டார். செதுக்கியிருந்தால் புடைப்பு இன்னும் மோசமாகியிருக்கும்.

சிகிச்சைக்கு ஊசி இல்லை, மரத்துப்போகச் சொட்டு மருந்துதான். கருவிழியின் மேல் மெல்லிய மடல் ஒன்றை வெட்டும்போது கண்ணை அழுத்துவது போலிருக்கும்; சில நொடிகள் பார்வை இருண்டுவிடும். தெரியாமல் போனால் பயந்துவிடுவோம். பிறகு டிக் டிக் என்ற சத்தம், முடி கருகும் வாடை. லேசர் பாயும் நேரம் ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை.

வாடை வந்தாலும் கண் எரிவதில்லை. 193 நானோமீட்டர் புறஊதாக் கதிர், சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் மூலக்கூறுப் பிணைப்புகளை மட்டும் உடைக்கிறது. இதை 1981இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியில் சோதித்தார்கள்! பத்தாம் வகுப்பு ஒளியியல் நடத்தும்போது சொல்லிப் பாருங்கள்.

அன்று மாலை வரை மணல் விழுந்தது போல் உறுத்தும். கசக்கவே கூடாது, மடல் நகர்ந்துவிடும். சில மாதங்கள் கண் உலர்ந்துபோகும். சாக்பீஸ் தூளில் நிற்கும் நமக்கு அது நன்றாகவே தெரியும். இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும் தெரியலாம். பெரும்பாலோருக்கு இவை குறைந்துவிடும், சிலருக்கு நீடிப்பதும் உண்டு.

நம் வயதுக்காரர்களுக்கு முக்கியமானது வெள்ளெழுத்து. லேசர் சரிசெய்தது என் தூரப் பார்வையை. நாற்பதுக்குப் பின் கண்ணுக்குள்ளிருக்கும் லென்ஸ் விறைத்துப்போவதை அது தடுக்காது. கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு விடைத்தாள் திருத்துவோமே, அந்த வசதி போய்விடும். எனக்கு இப்போது வகுப்பின் கடைசி வரிசை கண்ணாடியில்லாமல் தெரிகிறது. விடைத்தாள் கட்டைப் பிரித்தால் கண்ணாடி வேண்டும். எனக்கு அது சம்மதம். உங்களுக்குச் சம்மதமா என்று பணம் கட்டுவதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ பிள்ளைகளும் கேட்பார்கள். 18 வயது நிறைந்து, குறைந்தது ஓராண்டு பவர் மாறாமல் இருக்க வேண்டும். அதுவரை கண்ணாடிதான். கேலிக்குப் பயந்து அதைப் பைக்குள் ஒளிக்கும் பிள்ளையைக் கவனித்துப் போடச் சொல்லுங்கள்.

லேசருக்கு முந்தைய அளவுகள் உள்ள கோப்பைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் கண்புரை அறுவைக்கு லென்ஸ் பவரைக் கணக்கிட உதவும். மற்ற சந்தேகங்களைத் தேநீர் இடைவேளையில் கேளுங்கள்.