படிப்பை நிறுத்துவதா பாதுகாப்பு?

(பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



2025 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்பு, ரிங் பிரேமில் வேலை செய்யும் ஒரு தோழர் நைட் ஷிப்டு முடிந்த கையோடு நம் சங்க ஆபீசுக்கு வந்தார். தலையில் பஞ்சு கூட உதறவில்லை. பஸ் ஏறப் போவதாகச் சொன்னார். எங்கே என்று கேட்டோம். "புள்ளைய ஹாஸ்டல்ல இருந்து கூட்டியாரப் போறேன் தோழர். படிச்ச வரைக்கும் போதும்" என்றார்.

காரணம் கேட்கவேண்டியதில்லை. 2024 டிசம்பர் 23 இரவு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான செய்தி அப்போது வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தது. நாம் அன்று அந்தத் தோழருக்குச் சரியான பதில் சொல்லவில்லை. "யோசித்துச் செய்யுங்கள்" என்று மழுப்பி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். அது நம்முடைய தவறு. சொல்லியிருக்கவேண்டியதை இன்று சொல்கிறோம்.

மில்லில் பெல்ட் ஒரு தொழிலாளியின் விரலைக் கொண்டுபோனால் நாம் என்ன கேட்கிறோம்? மிஷினுக்குக் கம்பிக் கூடு போடு என்று கேட்கிறோமா, தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பு என்று கேட்கிறோமா? மேஸ்திரி ஒருவன் பெண் தொழிலாளியின் கையைப் பிடித்தால், அவளை வேலையை விட்டு நிற்கச் சொல்வோமா? அவனை நிறுத்து என்று கேட்டில் உட்காருவோம். தன் மகள் விஷயத்தில் மட்டும் நமக்கு ஏன் இந்த நியாயம் மறந்துபோகிறது?

அந்தச் சென்னைப் பெண்ணையே பாருங்கள். அவர் போலீசில் புகார் கொடுத்தார். அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கையே வெளியில் கசிந்தது. எத்தனை பெரிய அநியாயம்! ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. டிசம்பர் 28-ல் சென்னை ஐக்கோர்ட்டு தலையிட்டது. பெண் அதிகாரிகளே கொண்ட புலனாய்வுக் குழு போடு, 25 லட்சம் ரூபாய் இடைக்கால நஷ்டஈடு கொடு, அந்தப் பெண்ணிடம் படிப்புக்குக் கட்டணம் வாங்காதே என்று உத்தரவிட்டது. ஐந்தே மாதத்தில், 2025 மே 28-ல், குற்றவாளி என்று தீர்ப்பு. ஜூன் 2-ல் ஆயுள் தண்டனை, 30 வருஷத்துக்குக் குறையாமல். அவர் வாய்மூடி ஊருக்குப் போயிருந்தால் அவன் இன்றைக்கும் வெளியேதான் திரிந்துகொண்டிருப்பான்.

போலீஸ் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது, கல்லூரிக்குள் கமிட்டி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். தொந்தரவு செய்தவன் அதே வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அவனை இடம் மாற்றுவது யார்? அவன் வாத்தியாராகவே இருந்து, இவளுடைய பரீட்சைத் தாளைத் திருத்துகிறவனாக இருந்தால்? மனம் உடைந்து பத்து நாள் வகுப்புக்கு வராத பெண்ணுக்கு வருகைக் கணக்கு என்ன ஆகும்? இதையெல்லாம் இன்ஸ்பெக்டர் பார்க்கமாட்டார். இதற்குத்தான் கமிட்டி.

இந்தக் கமிட்டி யார் கொடுத்தது தெரியுமா? மந்திரி கொடுத்ததல்ல, துணைவேந்தர் கொடுத்ததுமல்ல. ராஜஸ்தானில் பதேரி என்று ஒரு கிராமம். அங்கே பன்வாரி தேவி என்ற அம்மாள், மண்பாண்டம் வனையும் சாதியில் பிறந்தவர், சர்க்காரின் பெண்கள் நலத் திட்டத்தில் சொற்பச் சம்பளத்துக்குக் கிராம ஊழியராக இருந்தார். குழந்தை மணத்தைத் தடுப்பது அவர் வேலை. 1992-ல், ஒரு வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்க முயன்றார். ஊரின் வசதி படைத்த சாதிக்காரர்கள் விடவில்லை. செப்டம்பர் 22 அன்று, வயலில் கணவனை அடித்துப் போட்டுவிட்டு, அவர் கண்ணெதிரே அந்த அம்மாளைக் கூட்டாகச் சீரழித்தார்கள்.

புகார் கொடுக்கப் போன இடத்தில் நடந்ததைக் கேளுங்கள். டாக்டர் பரிசோதனைக்கே இரண்டு நாளுக்கு மேல் அலையவிட்டார்கள். உடுத்தியிருந்த பாவாடையைச் சாட்சியத்துக்கு என்று வாங்கிக்கொண்டார்கள். கணவனின் தலைப்பாகைத் துணியைச் சுற்றிக்கொண்டு அந்த அம்மாள் ஊர் திரும்பினார். 1995-ல் கீழ்க்கோர்ட்டு, பலாத்காரக் குற்றச்சாட்டிலிருந்து எல்லோரையும் விடுதலை செய்தது. உயர்ந்த சாதிக்காரர்கள் இப்படிச் செய்திருக்கமாட்டார்கள் என்ற நியாயமும் அந்தத் தீர்ப்பில் இருந்தது! மேல்முறையீடு வருஷக்கணக்கில் தூங்கியது. ஊரில் அவரிடம் பானை வாங்குவாரில்லை.

அவர் வேலை செய்ததால்தானே இது நேர்ந்தது, வேலை கொடுத்த சர்க்காருக்குப் பொறுப்பு இல்லையா என்று பெண்கள் ஸ்தாபனங்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. விசாகா வழக்கு என்பது அதுதான். 1997 ஆகஸ்டு 13-ல் தீர்ப்பு வந்தது. வேலை செய்யும் இடந்தோறும் புகார் கமிட்டி வேண்டும், தலைமை ஒரு பெண்ணிடம் இருக்கவேண்டும், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்கவேண்டும், வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டும் என்றார்கள். 2013-ல் அது பாராளுமன்றச் சட்டமாயிற்று. மண்பானை செய்கிற குடும்பத்து அம்மாள் ஒருவர் பட்ட பாட்டில் வந்த உரிமை அது. கதவடைத்து உட்காருகிற காலேஜ் பெண்களுக்கு மட்டுமல்ல, நமக்கும் பாத்தியதை உள்ளது.

டில்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் இதை ஒரு படி மேலே கொண்டுபோயிற்று. 1999-ல் அங்கே அமைத்த கமிட்டியில் மாணவர், ஆசிரியர், ஊழியர் பிரதிநிதிகளை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். மாணவர் சங்கத் தேர்தலைப் போலவே அதற்கும் தேர்தல், பிரசாரம், விவாதம். நிர்வாகத்தின் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டிய அவசியம் அதன் உறுப்பினருக்கு இல்லை. 2017 செப்டம்பரில் நிர்வாகம் அதைக் கலைத்துவிட்டு, வேறு கமிட்டி போட்டது. ஒர்க்ஸ் கமிட்டியில் தொழிலாளர் தேர்ந்தெடுத்த ஆளை எடுத்துவிட்டு மானேஜர் தனக்கு வேண்டியவரைப் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டுமா?

அதே மாதம் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில், வளாகத்துக்குள் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் ஒரு மாணவியிடம் அத்துமீறினார்கள். இந்நேரம் வரை வெளியில் ஏன் இருந்தாய் என்று அவளையே கேட்டார்கள். மாணவிகள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். விளக்குப் போடு, காவல் போடு என்பது கோரிக்கை. 23-ஆம் தேதி இரவு கிடைத்தது தடியடி.

சட்டப்படி என்ன இருக்கிறது? 2016 மே மாதம் வெளியான யு.ஜி.சி. விதிகள் எல்லா உயர்கல்வி நிலையங்களையும் கட்டுப்படுத்தும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் கமிட்டியில் மூன்று மாணவப் பிரதிநிதிகள், அதுவும் ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், இருக்கவேண்டும். துணைவேந்தர், ரிஜிஸ்திரார், துறைத்தலைவர் போன்றோர் அதில் உட்காரக்கூடாது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கவேண்டும். தக்க காரணம் இருந்தால் கூடுதல் அவகாசம் உண்டு. விசாரணை 90 நாளில் முடியவேண்டும். புகார் சொன்ன பெண்ணின் தேர்வுத்தாளை, எதிராளியான ஆசிரியர் தொடக்கூடாது. மனநல ஆலோசகர் வேண்டும், விளக்கு வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் ஆண் விடுதிக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண் விடுதிக்குப் போடக்கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. எழுத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பல கல்லூரிகளில் அது சுவரில் ஒரு போர்டோடு நிற்கிறது.

வயல் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடம், அல்லது புகாரே முதலாளியின் பேரில் என்றால், 2013 சட்டப்படி ஜில்லாவில் ஒரு லோக்கல் கமிட்டி இருக்கவேண்டும். களத்துமேட்டில் நடப்பதற்கும் அங்கே மனுக் கொடுக்கலாம். நம் ஜில்லாவில் அந்தக் கமிட்டியில் யார் யார் என்று மாதர் சங்கத் தோழர்கள் கலெக்டர் ஆபீசில் எழுதிக் கேட்கவிருக்கிறார்கள். நாமும் கூடப் போவோம்.

அந்த ரிங் பிரேம் தோழர் விடுதிக்குப் போனாரே, என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். போனார், தனியாகத் திரும்பி வந்தார். மகள் வரமாட்டேன் என்றுவிட்டாளாம். "அப்பா, உங்க மில்லுல தகராறுன்னா ஓடியா வந்துடுவீங்க?" என்று கேட்டாளாம். பிறகு அவரை ஆபீஸ் வராந்தாவுக்குக் கூட்டிப்போய், புகார் கமிட்டிப் போர்டைக் காட்டியிருக்கிறாள். மாணவப் பிரதிநிதிகள் என்று எழுதியதற்கு நேரே மூன்று இடமும் காலி. தேர்தல் நடத்தச் சொல்லி முப்பது பெண்கள் கையெழுத்திட்டு பிரின்சிபாலிடம் மனுக் கொடுத்திருக்கிறார்கள். அதன் நகல் ஒன்றை அப்பாவிடம் கொடுத்து அனுப்பினாள். அது இப்போது நம் சங்க ஆபீஸ் பைலில் இருக்கிறது. அவள் கையெழுத்து நான்காவது.