மேக்பை திருடுகிறதா?

ஐரோப்பாவில் மேக்பை என்றொரு கறுப்பு வெள்ளைப் பறவை உண்டு. காக்கை இனம். வீட்டிலும் தோட்டத்திலும் மின்னுவதையெல்லாம் கவ்விச் சென்றுவிடும் என்று அதற்குக் கெட்ட பெயர். 1817-இல் மிலான் நகரில் அரங்கேறிய ரோசினியின் இசை நாடகத்தில், மேக்பை எடுத்துப்போன வெள்ளிக் கரண்டிக்காகப் பணிப்பெண் ஒருத்திக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. இந்தப் பழிக்கு ஆதாரம் உண்டா? இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொட்டைகளைக் குவித்து, பக்கத்தில் திருகாணிகள், சிறு வளையங்கள், அலுமினியத் தாள் ஆகியவற்றை வைத்துப் பார்த்தார்கள். பாதி பளபளப்பானவை, மீதிக்கு மங்கலான நீலப் பூச்சு. 64 சோதனைகளில் இரண்டே முறைதான் மேக்பை மின்னும் பொருளை அலகில் எடுத்தது. உடனே கீழே போட்டுவிட்டது. அந்தப் பொருள்கள் அருகே இருந்தபோது இரையைக்கூடக் குறைவாகவே தின்றது. ஆசை எங்கே? அச்சம்தான் தெரிகிறது. 2014-இல் வெளியான முடிவு இது.

எப்போதோ ஒரு பறவை மோதிரத்தைத் தூக்கியிருக்காதா என்று கேட்கலாம். தூக்கியிருக்கலாம். ஆனால் அது குச்சியைக் கவ்வும்போது யாரும் கவனிப்பதில்லை. மோதிரத்தைக் கவ்வினால் ஊரே பேசும். ஆஸ்திரேலியாவில் குடில் கட்டும் பறவை ஒன்று பாட்டில் மூடிகளைச் சேர்க்கிறதே என்றால், அதுவும் உண்மைதான். பெண் பறவையைக் கவர, ஆண் பறவை நீல நிறப் பொருள்களைத் தேடித் தேடிக் குடில் வாசலில் பரப்புகிறது. அது வேறு இனம், வேறு தேவை. அதன் பழக்கத்தை மேக்பையின் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.