பெண் சிசு ரக்ஷணை
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கத்தின் சுருக்கம்)



பெண் சிசுஹத்தியென்னும் பாதகத்தை வெளியிற் பேசினால் குலத்துக்கு இழுக்கு நேருமென்றஞ்சி மௌனஞ் சாதிப்போர் நம்முள் உளர். மௌனத்தால் எந்தச் சிசு பிழைத்தது? 1986-ம் வருஷத்தில் 'இந்தியா டுடே' பத்திரிகை நமது மதுரை ஜில்லா உசிலம்பட்டியின் நிலையை வெளியிட்ட பின்னரே தேசம் விழித்தது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தோன்றிற்று; 2001-ல் அது மதுரைக்கும் வந்தது.

ஆயினும் தீமை எவ்வூரில் எவ்வளவென்று அறியப் பத்திரிகைச் செய்தி போதாது, கணக்கு வேண்டும். பிறந்த முதல் மாதத்தில் ஆண் சிசுக்களே சற்று அதிகமாய் மடிவது இயற்கை. பெண் சிசுக்களின் மரணம் அதனை மிஞ்சுமாயின், அது மனிதர் செய்கையென்று ஐயுற இடமுண்டு. 1990-களில் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளை ஆராய்ந்து, தீமை மிகுந்த பிரதேசங்களைக் காட்டினர். பின்னர்த் தர்மபுரி ஜில்லாவில் கிராமங்கடோறும் கலைக்குழுக்கள் சென்று ஜனங்களின் மனத்தைத் திருப்ப முயன்றன.

ஆதலின், பிறப்பையும் இறப்பையும் உள்ளபடி எழுதுவிப்பது நம் ஒவ்வொரு குடும்பத்தின் கடமை. மறைத்த மரணத்துக்குப் பரிகாரந் தேடுவாரில்லை. குலத்தின் கௌரவம் ஏட்டை மூடுவதிலன்று, பெண் மகவை வாழ்விப்பதில் உளதென்று நாம் தெளிவோமாக.