சொல்லின் முன்னும் பின்னும்



பிற மாநிலத்தில் வாழும் நம் இல்லங்களில், ஆங்கிலச் சொற்பட்டியலை உருப்போட்டுக் களைக்கும் குழந்தைகளைக் காண்கிறோம். அவர்கள் பொருட்டே இச்சிற்றுரை.

தமிழ்ச் சொல்லில் பகுதி முன்னிற்கும். பிற யாவும் பின்வரும். 'படித்தான்' என்பதில் 'படி' முதலில் நிற்கக் காலமும் பாலும் தொடர்கின்றன. எதிர்மறையும் அவ்வாறே: 'படியான்'. 'அநீதி' போன்றன வடமொழி வழி வந்தவை. ஆங்கிலமோ இருபுறமும் ஒட்டும். 'ஹாப்பி' என்பதன் முன் 'அன்' சேர்ந்தால் மகிழ்ச்சியற்ற நிலையைக் குறிக்கும். பின் 'நெஸ்' சேர்ந்தால் மகிழ்ச்சி என்னும் பெயர்ச்சொல்லாகும்.

இலத்தீன் வழி வந்த 'இன்' என்னும் எதிர்மறை முன்னொட்டு, வருஞ்சொல்லுக்கேற்பத் திரியும். 'பாசிபிள்' முன் 'இம்' ஆகும்; 'லீகல்' முன் 'இல்' ஆகும்; 'ரெகுலர்' முன் 'இர்' ஆகும். 'மரம்', 'கள்' சேர்ந்து 'மரங்கள்' ஆதலை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் லாரியின் பின்புறம் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். அங்குள்ள 'இன்' எதிர்மறையன்று. 'உள்ளே' எனப் பொருள்படும் வேறோர் ஒட்டு. எளிதில் தீப்பற்றும் என்பதே சொல்லின் பொருள். தீப்பற்றாதது என மக்கள் மயங்குவரோ என்று அஞ்சியே, அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தார் 1920-களில் 'ஃப்ளேமபிள்' என்று எழுதுமாறு வலியுறுத்தினர்.

ஆகவே, ஒட்டை மட்டும் கண்டு பொருள் முடிவு செய்யலாகாது. பகுதியையும் ஆராய்தல் வேண்டும். அப்பயிற்சிக்குத் தனி ஆசிரியர் வேண்டுவதில்லை. மாலையில் நம் வீட்டிலேயே 'படித்தான்', 'வந்தாள்' எனத் தமிழ்ச் சொற்களைப் பிரித்துக் காட்டுவோம். தாய்மொழியில் பகுதி காணப் பழகிய குழந்தை, பிறமொழியிலும் அதனைக் காணும்.