அயல்நாட்டுப் பண்பாடும் துணைப்பாடமும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் புகுந்த பொருள் நம்மவர் பலர்க்குப் புதியதாகத் தோன்றலாம். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் பயிலும் மாணவர், தாம் பட்டம் பெறுதற்குரிய தலைமைப் பாடத்தோடு வேறொரு துறையையும் ஐந்தாறு பாடங்கள் அளவில் முறையாகக் கற்கலாம். இதனை ஆங்கிலத்தில் மைனர் என்பர். நம் ஊரில் மைனர் என்றதும் மல்வேட்டியும் தங்கச் சங்கிலியுமே நினைவுக்கு வருமாதலின், யாம் இதனைத் துணைப்பாடம் என்றே வழங்குவோம்.

இத்துணைப்பாடங்களுள், உலகின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, ஆங்குள்ள மக்களின் மொழி, சமயம், கலை, வரலாறு, அரசியல் ஆகியவற்றை ஒருங்கே கற்பிக்கும் வகையொன்று உண்டு. தென்கிழக்காசியாவைப் பற்றிய பயிற்சி அவற்றுள் ஒன்று. கார்நெல் பல்கலைக்கழகம் 1950-ஆம் ஆண்டிலும், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 1991-ஆம் ஆண்டிலும் இதற்கெனத் தனித் திட்டம் வகுத்தன.

இவையெல்லாம் அறிவுப் பசியொன்றினாலேயே தோன்றின என்று கூறுவதற்கில்லை. 1957-இல் ருஷ்யர் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவினர். அமெரிக்கர் திடுக்குற்று, மறு ஆண்டிலேயே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் இயற்றி, அயல்நாட்டு மொழிகளைக் கற்பிக்கும் நிலையங்கட்குப் பொருள் வழங்கினர். ஆயினும் கல்வி, பொருள் கொடுத்தார் கருத்துக்கு அடங்கி நிற்பதன்று. இந்தோனேசிய விடுதலைப் போரை நேரிற் கண்டு 1952-இல் பெருநூல் எழுதிய கார்நெல் பேராசிரியர் ஜார்ஜ் காஹின், பின்னர் வியட்நாம் போரில் தம் அரசின் போக்கை வெளிப்படையாகக் கண்டித்தார்.

இப்பொருள் நமது சங்கத்தில் எழுந்ததற்குக் காரணம் உண்டு. சிங்கப்பூரில் பொறியியல் பயிலும் நம்மவர் வீட்டுப் பெண்ணொருத்தி, தென்கிழக்காசியவியலைத் துணைப்பாடமாகக் கொண்டுள்ளார். விடுமுறையில் ஜாவாவின் யோக்கியகர்த்தா நகருக்குச் சென்று இந்தோனேசிய மொழி பயில நமது கல்வி நிதியினின்று உதவி வேண்டியுள்ளார். பொறியியல் படிக்கப் போன பெண்ணுக்குப் பாவைக் கூத்து எதற்கு என்றனர் சிலர். ஏழைச் சிறுவர் பள்ளிச் சம்பளத்திற்கென வைத்த பொருளை இதற்கு எடுக்கலாகுமோ என்றனர் வேறு சிலர். முன்னதற்கு விடை எளிது. துணைப்பாடம் பெரும்பாலும் பட்டத்திற்குரிய மொத்தப் பாடத்தொகைக்குள்ளேயே அடங்கிவிடும். பொறியியல் அதனாற் குன்றாது. பின்னது நியாயமான ஐயம். அதனை ஈற்றில் ஆராய்வோம்.

உண்மையில் எம்மை வருத்தியது மறுத்தோர் கூற்றன்று, ஆதரித்தோர் கூற்றே. இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேற் படை செலுத்தினான். அப்பெண் ஆங்குச் சென்று நம் பெருமையைத் தேடி வரட்டும் என்றனர். தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எமக்கு அப்பெருமை கசப்பதன்று. ஆயினும் ஒரு நாட்டாரிடம் சென்று, எம் பாட்டனாரைக் கண்டதுண்டோ என்று மட்டும் வினவித் திரும்புவது கல்வியாகுமோ?

சுமத்திராவின் மேல்கரையில் பாரூஸ் என்னும் பழைய துறைமுகத்தை அடுத்த லோபு துவாவில், 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் நாட்டியது. பொன்னாகச் செலுத்தவேண்டிய கட்டணத்தைக் கூறுவது. படிக்கும்போது உள்ளம் பூரிக்கின்றது. ஆனால் அத்துறைமுகத்தின் புகழெல்லாம் கற்பூரத்தால் வந்தது. மலைக்காட்டிற் புகுந்து, மரத்தைப் பிளந்து, உள்ளே உறைந்திருந்த கற்பூரத்தை எடுத்துத் தந்தவர் உள்நாட்டுப் பட்டாக் மக்கள். அவர்கள் வாழ்வை அக்கல் விரித்துரைக்கவில்லை. அதனை அறிய விரும்புவோர் அவர்கள் மொழியையும் மரபையும் கற்றல் வேண்டும்.

ஜாவாவின் நிழற்பாவைக் கூத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்குப் பெரும்பான்மையோர் இசுலாமியர்; எனினும் இரவு முழுதும் பாரதக் கதை நடக்கும். அவர்கள் கதையில் திரௌபதி தருமன் ஒருவனுக்கே மனைவி. பாண்டவர்க்கு ஊழியஞ் செய்யும் செமார் என்னும் கோமாளி, உண்மையில் ஒரு தெய்வம், சிவபெருமானுக்குத் தமையன்! வியாசரிடத்தும் வில்லிபுத்தூராரிடத்தும் இவனைக் காணோம். நம் பண்டிதருள் ஒருவர் இதனைக் கேட்பின், பாடபேதம் என்றுகூடக் கூறார். பிழை என்று அடித்துவிடுவார். துணைப்பாடம் பயிலும் மாணவரோ, அக்கதை ஆங்கு ஏன் அவ்வாறு வளர்ந்தது, பணியாளனைத் தெய்வமாக்கிய மக்கள் அரசரைப்பற்றி என்ன எண்ணினர் என்று வினவப் பழகுவார். அவ்வினாவே அப்பயிற்சியின் பயன்.

மொழியைப்பற்றி ஒன்று கூறுவோம். கப்பல், கடை, பெட்டி, கட்டில் என்னும் நம் சொற்கள் சிறிது உருமாறி மலாயில் வழங்குகின்றன. இதனை நம்மவர் பலர் அறிவர்; அறிந்த அளவில் நின்றும் விடுவர். எமக்கு இதனினும் வியப்பளித்தது வேறு. கேட்போரையும் உளப்படுத்துவதற்குக் கித்தா என்றும், விலக்கிக் கூறுவதற்குக் காமி என்றும் இரு சொற்களை அம்மொழியார் பிரித்து வழங்குவர். நம் பழந்தமிழில் நாம், யாம் என நின்ற வேறுபாடும் இதுவே. நன்னூலாரும் தன்மைப் பன்மை விகுதிகளை, முன்னிலையாரை உளப்படுத்துவன, படர்க்கையாரை உளப்படுத்துவன என வகுத்தார். ஆங்கிலேயர்க்கு இதனைக் கற்பிக்க ஆசிரியர் பாடுபடுவர். நம் பிள்ளைகட்கு ஒரு நாழிகை போதும். மலாய் தமிழுக்கு இனமொழியன்று. ஆயினும் கதவு பாதி திறந்தே கிடக்கின்றது.

இனிப் பொருளைப்பற்றி. இப்பாடம் தானே சோறு போடும் என்று யாம் வாக்களியோம். ஆயினும் 27 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இந்தோனேசியா சிங்கப்பூரின் வாயிலில் உள்ளது. அந்நாட்டார் மொழியிற் பேசவல்ல பொறியாளருக்கு ஆங்கு வேலையில்லாமற் போகாது. ஆதலின் ஏழைச் சிறுவர் நிதியைத் தொடாமல், பெரியோர் சிலர் தனியே பொருள் சேர்த்து, நன்கொடையாக அன்றி வட்டியில்லாக் கடனாக அப்பெண்ணுக்கு உதவலாம் என்பது எம் கருத்து. வேலை கிடைத்த பின்னர்த் தவணையில் திருப்பித் தரட்டும். அது அடுத்து வருவோர்க்குப் பயன்படும்.

ஒரு நிபந்தனை மட்டும் வைக்க விரும்புகின்றோம். மொழியை விடுத்து, ஆங்கிலத்தில் நடக்கும் எளிய பாடங்கள் ஐந்தைப் பொறுக்கி எடுத்துச் சான்றிதழ் பெறுவோர்க்கு இக்கடன் வேண்டா. 1949-இல் நிறுவப்பெற்ற காஜா மதா பல்கலைக்கழகம் அந்நகரில் அயல்நாட்டார்க்கு இந்தோனேசியம் கற்பிக்கின்றது. அங்கேயோ அதனையொத்த இடத்திலோ மொழி பயின்றமைக்குச் சான்று காட்டவேண்டும். விண்ணப்பித்த பெண் அங்ஙனமே எழுதியிருக்கின்றார். குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே இதனை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். விடுமுறைக்கு நாள் மிகவில்லை.